இருபது கிலோமீட்டர், இரண்டாயிரம் துளைகள்

ஊட்டிக்குப் போனவர்கள் எழுதுகிறார்கள், காசிக்குப் போனவர்கள் எழுதுகிறார்கள். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி மறைமலை நகரில் இறங்கியவர் யாரும் பயணக் கட்டுரை எழுதி நான் படித்ததில்லை. ஏறத்தாழ இருபது கிலோமீட்டர், அரைமணி நேரம், ஆறு ரூபாய் டிக்கெட். இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்டால் நியாயம்தான். ஆனால் என் நாற்பத்திரண்டு வயதில் இதைவிட நீளமான பயணம் எதுவும் நான் போனதில்லை. திருப்பதி மலையை நடந்து ஏறியதுகூட இவ்வளவு நீளமாகத் தோன்றவில்லை.

2005 அக்டோபர். ஆயுத பூஜை முடிந்து ஆறாவது நாள், திங்கட்கிழமை.

காலை 6.40, தாம்பரம். சேலையூரில் இருந்து ஆட்டோவில் வந்து இறங்கியபோது என் பட்டறை ஆள் யாசீன் பாய் எனக்கு முன்பே டிக்கெட் கவுண்டர் அருகில் நின்றுகொண்டிருந்தார். கையில் கட்டைப்பை. அதற்குள் ஏழு கிலோ இரும்பு. எங்கள் பட்டறையில் அதை ஜிக் என்போம். தகட்டை அதற்குள் வைத்து, ஓரத்தை அதன் ஸ்டாப்பர் என்கிற தடுப்பில் முட்டக் கொடுத்து, மேலே இருக்கும் ஓட்டை வழியாகத் துளை போட்டால், ஆயிரம் தகடு போட்டாலும் துளை ஒரே இடத்தில் விழும். விழ வேண்டும். விழாமல் போனதால்தான் இந்தப் பயணம்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். பிறகு என்ன தோன்றியதோ, பெண்களுக்கான தொழில் பயிற்சி ஒன்றில் சேர்ந்து, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் எடுத்து, மூன்று துளையிடும் எந்திரமும் தகடு மடிக்க ஒரு பிரஸ்ஸும் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஐந்து வருடம் ஆகிறது. ஆறு பேர் வேலை செய்கிறார்கள். மறைமலை நகரில் கார்களுக்குப் பாகம் சேர்த்துக் கொடுக்கும் ஒரு தொழிற்சாலைக்கு நாங்கள் பிராக்கெட் அனுப்புகிறோம். உள்ளங்கை அளவு மடித்த தகடு, அதில் ஒரு துளை. அவ்வளவுதான் எங்கள் உற்பத்தி. அது காரில் எங்கே போகிறது, எதைப் பிடித்துக்கொள்கிறது என்று எனக்குத் தெரியாது. வரைபடத்தில் 4417 என்று எண் மட்டும் இருக்கும். ஐந்து வருடத்தில் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

சனிக்கிழமை காலை தொழிற்சாலையில் இருந்து போன் வந்தது. வியாழக்கிழமை அனுப்பிய இரண்டாயிரத்தில் துளை ஓரத்தை நோக்கித் தள்ளி விழுந்திருக்கிறதாம். திங்கள் காலை வந்து எல்லாவற்றையும் நீங்களே பொறுக்கிப் பிரிக்க வேண்டும், ஜிக்கையும் துளை போட்ட ஆளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், இரண்டாவது ஷிப்ட் இரண்டரை மணிக்கு ஆரம்பிக்கும், அதற்குள் ஆயிரத்து இருநூறு நல்ல பீஸ் பாகம் மாட்டும் லைனுக்குப் போகாவிட்டால் உங்கள் பேரை சப்ளையர் பட்டியலில் இருந்து எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் வேலையில் முக்கால்வாசி அந்தத் தொழிற்சாலைக்குத்தான். பட்டியலில் இருந்து பேர் போனால் ஷெட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

போனை வைத்த கையோடு நேரே பாயிடம் போனேன். அந்த இரண்டாயிரமும் அவர் கையால் போட்டது. ஐம்பது வயது, பல்லாவரத்துக்காரர், தொழிலில் என்னைவிட இருபது வருடம் மூத்தவர். ஐந்து பேர் பார்க்க, "நோன்பு வெச்சுக்கிட்டு தூக்கக் கலக்கத்துல துளை போட்டா இப்படித்தான் ஆகும், முடியலன்னா லீவு போட வேண்டியதுதானே பாய்" என்று கேட்டுவிட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு போய் ஜிக்கைக் கழற்றிப் பையில் வைத்தார். எனக்கு அது குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. என் கைப்பையில் ஒரு விண்ணப்பப் படிவம் இருந்தது. சேலையூரில் ஒரு பள்ளிக்கூடம், மீண்டும் கணக்கு டீச்சர் வேலை. என் கணவர் வாங்கி வந்தது. அவர் அரசு அலுவலகத்தில் இருக்கிறார். என்னை எதற்கும் தடுத்ததில்லை, பெருமூச்சு மட்டும் விடுவார். செவ்வாய்க்கிழமை காலைக்குள் கொடுக்க வேண்டும். எல்லாக் கட்டமும் நிரப்பியாகிவிட்டது, "தற்போதைய பணியை விட்டு விலகக் காரணம்" என்ற ஒன்றைத் தவிர. அந்தக் கட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதற்காக இந்தத் தொழிலைச் செய்கிறேன் என்று எனக்கே தெரியாதபோது, எதற்காக விடுகிறேன் என்று என்ன எழுதுவது. உண்மையைச் சொன்னால், தொழிற்சாலைக்காரர்களே என் பேரை அடித்துவிட்டால் நல்லது என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. நான் முடிவு செய்ய வேண்டாம் பாருங்கள்.

6.55, செங்கல்பட்டு வண்டி. எப்போதும் பெண்கள் பெட்டியில் ஏறுகிறவள், பாயும் பையும் கூட இருந்ததால் பொதுப் பெட்டியில் ஏறினேன். கூட்டம் எல்லாம் எதிர்த்திசையில் பட்டணத்துக்குப் போகிறது. நாங்கள் தெற்கே போவதால் உட்கார இடம் கிடைத்தது. பாய் பையைக் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு வாசல் பக்கம் உட்கார்ந்தார். என் எதிர்ச் சீட்டில் கூடுவாஞ்சேரி போகும் ஒரு டீச்சர். மடியில் காலாண்டுத் தேர்வுத் தாள்கள், கையில் சிவப்புப் பேனா. ரயில் ஆடுகிற ஆட்டத்துக்கும் டிக் கோணாமல் போட்டுக்கொண்டு வந்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தத் தாளில் தப்பு யார் செய்தாலும் அது டீச்சர் தப்பு இல்லை. ஒரு கோடு போட்டு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போகலாம்.

பெருங்களத்தூர் தாண்டியதும் அவர் நிமிர்ந்து, நீங்கள் எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு கம்பெனியில் என்றேன். என்ன கம்பெனி என்றார். இரும்புக் கம்பெனி என்றேன். முதலாளி நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. வாசல் பக்கம் பார்த்தேன். பாய் கேட்டிருப்பார், ஆனால் வண்டலூர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடுவாஞ்சேரியில் டீச்சர் இறங்கினார். பொத்தேரியில் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் மொத்தமாக இறங்கினார்கள். பெட்டியில் மிச்சம் இருந்ததெல்லாம் சட்டைப் பையில் அடையாள அட்டை வைத்த ஷிப்ட் ஆட்கள். வானம் மூடியிருந்தது, மழை வரவில்லை. பாயிடம் ஏதாவது பேச வேண்டும்போல இருந்தது. "பீஸ் போடறப்ப ஜிக் ஆடிச்சா பாய்" என்று கேட்டேன். "இல்ல மேடம்" என்றார். 

7.30, மறைமலை நகர். இந்த நிலையத்துக்கு வெளியே வந்தால் ஊர் என்று ஒன்று கண்ணில் படாது. ஜி.எஸ்.டி. சாலை, லாரிகள், எதிர்ப்புறம் பெரிய கார்த் தொழிற்சாலையின் நீண்ட மதில். இந்தப் பக்கம் நேர்கோட்டுச் சாலைகளில் வரிசையாகத் தொழிற்சாலைகள். வேப்பமரங்கூட அளந்து நட்ட மாதிரி நிற்கும். ஆட்டோக்காரர் நாற்பது ரூபாய் கேட்டார், முப்பதுக்கு வந்தார். பையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ரிஜெக்சனாக்கா?"

உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"இந்த ரோட்ல பையத் தூக்கிகினு வர்றவங்க ரெண்டே ரகம். சேம்பிள் கொண்டாறவங்க, ரிஜெக்சன் பொறுக்க வர்றவங்க. சேம்பிள் பார்ட்டி பேசிகினே வருவாங்கோ. நீங்க வாயே தொறக்கல." பிறகு என்ன நினைத்தாரோ, கேட் வாசலில் இறக்கிவிடும்போது, "போய்ட்டு வாக்கா, ஒண்ணியும் ஆவாது, டெய்லி நாலு பேரு வராங்கோ" என்றார். ஐந்து ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன்.

8.15, பொறுக்கும் அறை. கேட்டில் பையைச் சோதித்து, செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு, "விசிட்டர்" என்ற மஞ்சள் அட்டையை மாட்டிவிட்டார்கள். உள்ளே கிடங்கின் ஓரத்தில் கம்பி வலை அடித்த ஓர் இடம். மேலே சிவப்பு எழுத்தில் "நிராகரிக்கப்பட்டவை" என்ற பலகை. அதற்குள் எங்கள் ஐந்து நீலப் பெட்டிகளும் இருந்தன. பெட்டிக்கு நானூறு. பாய் கையெழுத்தில் சாக்பீஸால் 1, 2, 3, 4, 5 என்று போட்டிருந்தது. சொந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் முட்டி போட வைத்திருப்பதைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

தர ஆய்வு இன்ஜினியர் பேர் பிரபு. முப்பது வயதிருக்கும். தூக்கம் போதாத கண்கள். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. அதற்கெல்லாம் அவருக்கு நேரமில்லை போலிருந்தது. ஒரு சிறு இரும்புக் கட்டையைக் கொடுத்தார். அதில் ஒரு முளை. பிராக்கெட்டின் துளையை முளையில் மாட்டினால் மடிப்பு ஓரம் கட்டைக்குள் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் பச்சைத் தட்டு, உட்காராவிட்டால் சிவப்புத் தட்டு. ஓரத்தில் இருந்து துளை இருபத்திரண்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நகத்தின் தடிமன் அளவுகூடத் தள்ளிப்போக அனுமதி இல்லை.

கூடவே ஒரு தாளும் கொடுத்தார். அதில் "ஏன்?" என்று ஐந்து தடவை அச்சடித்து, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கோடு. தவறு ஏன் நடந்தது, அது ஏன், அது ஏன் என்று ஐந்து படி தோண்டி எழுத வேண்டும். எனக்கு அவ்வளவு தோண்ட வேண்டிய அவசியம் தெரியவில்லை. முதல் கோட்டிலேயே "ஆபரேட்டரின் கவனக்குறைவு" என்று எழுதி நீட்டினேன். பாய் பக்கத்தில்தான் நின்றார்.

பிரபு படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எல்லா சப்ளையரும் இதத்தான் மேடம் எழுதறாங்க. இது காரணம் இல்ல, ஆள் பேரு. மொதல்ல பொறுக்குங்க, அப்புறம் எழுதலாம்."

8.30 முதல் 11.20 வரை. முதல் பெட்டி. எடுத்து மாட்டியது எதுவும் உட்காரவில்லை. நூறு, நூற்றைம்பது, எல்லாம் சிவப்பு. கையில் எண்ணெய், நகக்கண்ணில் கறுப்பு. எனக்கு உள்ளே ஏதோ சரிந்துகொண்டே போனது. ஆயிரத்து இருநூறுக்கு எங்கே போவது. பாய் நின்றபடியே வேலை செய்தார். நான் ஒன்று மாட்டுவதற்குள் அவர் இரண்டு மாட்டினார். தண்ணீர் பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருந்தது.

இரண்டாம் பெட்டியில் ஒரு பச்சை விழுந்தது. பிறகு பத்துக்கு ஒன்று. பெட்டி முடிந்தபோது மொத்தத்தில் நாலில் ஒரு பங்கு பச்சை. மூன்றாம் பெட்டியில் முந்நூறு தாண்டிப் பச்சை. நான்காவது பெட்டியில் சிவப்பையே காணோம். ஐந்தாவதும் அப்படியே. பொறுக்கி முடித்தபோது நல்லவை ஆயிரத்து இருநூற்றி அறுபது. கடவுளே என்று கீழேயே உட்கார்ந்துவிட்டேன். லைனுக்குத் தேவையானது இருக்கிறது, மூன்று மணி நேரம் கையிலும் இருக்கிறது.

பிரபு வந்து தட்டுகளைப் பார்த்தார். சந்தோஷப்படவில்லை. ஒவ்வொரு பெட்டியில் இருந்தும் ஐந்து துண்டு எடுத்து வெர்னியர் அளவுகோலில் அளந்து வரிசையாக எழுதினார். முதல் பெட்டியில் 21.4, 21.5. இரண்டாவதில் 21.6, 21.7, 21.8. மூன்றாவதில் 21.9. பிறகு எல்லாம் 22. பேனாவால் அந்த வரிசையைத் தட்டிக் காட்டினார்.

"கவனக்குறைவுன்னா அங்கொண்ணு இங்கொண்ணு தப்பும் மேடம். இது படிப்படியா சரியாகி இருக்கு. ஸ்டாப்பர்ல ஏதோ ஒட்டியிருந்திருக்கு. பீஸ் முட்ட முட்ட அது தேஞ்சுகிட்டே வந்திருக்கு. ஜிக்க எடுங்க."

கணக்கு டீச்சர் நான். அந்த எண் வரிசையை நான் பார்த்திருக்க வேண்டும். பாய் பையில் இருந்து ஜிக்கை எடுத்து மேசையில் வைத்தார். ஆறு நாள் பழைய சந்தனப் பொட்டுகள் அதன் மேல் காய்ந்திருந்தன. மேல் தகட்டில் ஒன்று, கைப்பிடியில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, நடுவில் குங்குமத்தோடு. ஸ்டாப்பரின் முகத்தில், பிராக்கெட் வந்து முட்டும் இடத்தில், நடுப்பகுதி பளபளவென்று தேய்ந்திருந்தது. அதைச் சுற்றிக் கல்லாக இறுகிய மஞ்சள் வளையம். என் கட்டைவிரல் அளவு.

வைத்தது நான்தான். எங்கள் பட்டறையில் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பது முதலாளியின் வேலை. அந்த வருடம் தொழில் தேறட்டும் என்று தாராளமாகக் கட்டியாக அப்பினேன். ஸ்டாப்பரை விட்டுவிட்டால் அது கோபித்துக்கொள்ளும் என்பதுபோல அதற்கும் வைத்தேன். இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். வேறு நாளாக இருந்தால் முதல் துண்டை அளந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைப் போட விடுவேன். விஜயதசமி அன்று மட்டும் முதல் துண்டை முதலாளி தன் கையால் போட்டு, அளக்காமல், சாமி படத்துக்கு முன்னால் வைத்துப் பூ போட வேண்டும். அதுதான் வழக்கம். போட்டேன், வைத்தேன், கும்பிட்டேன். அந்த முதல் தப்பான துண்டு திருமுடிவாக்கத்தில் பூவுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. அதன் பிறகு பாய் போட்டவை, நான் கெடுத்துக் கொடுத்த ஜிக்கில் போட்டவை.

பாயைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"உங்களுக்குத் தெரியுமா பாய்?"

"சனிக்கெழம கழட்டறப்ப பாத்தேன் மேடம்."

"ஏன் சொல்லல?"

அவர் பிரபுவை ஒரு தடவை பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க சாமிக்கு வெச்ச பொட்டு. அதாலதான் கெட்டுச்சுன்னு நான் எந்த வாயால சொல்றது. மத்தவன் சொன்னா அது ஏதோ தூசு, பிசிறுன்னு போவும். நான் சொன்னா வேற மாதிரி ஆயிடும். தொடச்சிருந்தா மறைச்ச மாதிரி ஆயிடும். அதான் அப்டியே எடுத்துகினு வந்தேன்."

எனக்குக் காது சுட்டது. தப்பு செய்தவள் நான். ஐந்து பேர் முன்னால் அவருடைய நோன்பை இழுத்தவள் நான். என் பூஜையை ஒரு வார்த்தை குறை சொல்லக்கூடாது என்று இரண்டு நாள் அந்தப் பேச்சைச் சுமந்துகொண்டு வந்தவர் அவர். மன்னிச்சிடுங்க பாய் என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், பிரபு கேட்க. அதே ஐந்து பேர் முன்னால் சொல்ல வேண்டும் என்பதும் அப்போதே தெரிந்தது. "வுடுங்க மேடம்" என்று பாய் பச்சைத் தட்டை அடுக்க ஆரம்பித்தார்.

மதியம் 12.45. உணவு விடுதிக்கு இரண்டு கூப்பன் கொடுத்தார்கள். எனக்கும் வேண்டாம் என்றேன். பாய் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் பட்டினி கிடந்தால் எனக்கு நன்மை ஒன்றும் கூடிவிடாது, போய்ச் சாப்பிடுங்கள் என்று அனுப்பிவிட்டு, கிடங்கு ஓரத்தில் தொழுகைக்கு இடம் கேட்டுப் போனார். சாம்பார் சாதத்தை இரண்டு வாய் தின்றேன். பேரை அடித்துவிடுவார்களா என்ற பயம் போகவில்லை. பிரபு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. பழைய பயத்தோடு இப்போது வெட்கமும் சேர்ந்து உட்கார்ந்திருந்தது.

2.20, லைன். நல்ல பீஸ்களைத் தள்ளுவண்டியில் வைத்து பிரபு எங்களையும் கூடவே வரச் சொன்னார். எங்கள் பிராக்கெட் எதற்குப் போகிறது என்று அப்போதுதான் கேட்டேன். அவர் நின்று என்னைப் பார்த்தார். ஐந்து வருடமாக அனுப்புகிறீர்கள், தெரியாதா என்று அந்தப் பார்வை கேட்டது. ஹேண்ட் பிரேக் கம்பியைப் பிடித்துக்கொள்கிற பிராக்கெட்டாம். மேட்டில் காரை நிறுத்திவிட்டு இறங்கிப் போகிறவர் நம்பிப் போவது அதையும் சேர்த்துத்தான்.

லைனில் அதை மாட்டுகிறவர் முப்பது வயதுப் பெண், பேர் கலா. முதல் ஷிப்ட் முடிந்து கிளம்பும் நேரம். வலது கட்டைவிரலில் தடிமனாகப் பிளாஸ்திரி. பிரபு எங்களைக் காட்டியதும், "நீங்கதான் 4417-ஆக்கா?" என்றார். ஆமாம் என்றேன். முதலாளி நான்தான் என்பது இந்தத் தடவை தானாகவே வந்தது.

விரலுக்கு என்ன என்று கேட்டேன்.

"உங்க பீஸ்தான். வெள்ளிக்கெழம உக்காரல. வேற கம்பெனி பீஸா இருந்தா அப்பவே தூக்கி ஓரமா வெச்சிருப்பேன். உங்களுது எப்பவும் பாக்காமலே மாட்டுவேன், சுத்தமா உக்காரும். என் கையிதான் தப்பா மாட்டுதுன்னு அமுக்கினேன். வழுக்கிக் கிழிச்சிடுச்சு. மூணு தையல்."

கோபமாகச் சொல்லவில்லை. வீட்டில் பால் பொங்கிவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார். தள்ளுவண்டியில் இருந்து ஒரு பிராக்கெட்டை எடுத்து, பார்க்காமலே, என்னையே பார்த்துக்கொண்டு மாட்டிக் காட்டினார். டக்கென்று உட்கார்ந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தச் சத்தத்தைத்தான் ஐந்து வருடமாக நான் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். யாருக்காக இந்தப் பாடு என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னையே கேட்டேனே, இங்கே ஒருத்தி பார்க்காமலே நம்பி, விரலைக் கொடுத்திருக்கிறாள். இதைவிட ஒரு நல்ல பேரை நான் எங்கே போய் வாங்குவேன். அதைக் கெடுத்துக்கொண்டதும் நான்தான்.

3.15, ஐந்து ஏன். புதுத் தாள் வாங்கி எழுதினேன். துளை ஏன் தள்ளி விழுந்தது, ஸ்டாப்பரில் படிவு. படிவு ஏன், சந்தனம். சந்தனம் ஏன், உரிமையாளர் வைத்தார். ஏன் முதல் துண்டில் தெரியவில்லை, அளக்கவில்லை. ஏன் அளக்கவில்லை, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டோம். பிரபு படித்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார். இதை மேலே அனுப்பினால் என்னைத்தான் கேள்வி கேட்பார்கள் என்றார். பிறகு கடைசிக் கட்டத்தைக் காட்டினார். இனிமேல் நடக்காமல் இருக்க என்ன செய்வீர்கள்.

"இனி எந்திரங்களுக்குப் பொட்டு வைப்பதில்லை" என்று எழுதப் போனேன். பாய் எட்டிப் பார்த்துவிட்டு, அதெல்லாம் வேணாம் என்றார்.

"பூஜ போடாம எப்டி மேடம். பசங்க மனசு கேக்குமா. வருஷா வருஷம் சந்தனம் கொழச்சுக் குடுக்கறதே நான்தான். பொட்டு வைங்க. எங்க வெக்கணும்னு எடம் பாத்து வைங்க." பிரபுவிடம் திரும்பி புள்ளி குத்த ஒரு சென்டர் பஞ்சும் சுத்தியலும் கேட்டார். ஜிக்கைத் திருப்பிப் பிடித்து, வேலைக்குச் சம்பந்தமே இல்லாத வெளிப் பக்கத்தில், ஒரே அடியில் ஒரு புள்ளி குத்தினார். கடுகு அளவு, ஆழமாக.

"அடுத்த வருஷம் இங்க வைங்க" என்றார்.

அடுத்த வருஷம் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். என் கைப்பையில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.  கடைசிக் கட்டத்தில், ஜிக்குகளில் பொட்டு வைக்க இடம் குறிக்கப்பட்டது, விஜயதசமி முதல் துண்டு அளந்த பிறகே சாமிக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேர் பட்டியலில் இருக்குமா என்று பிரபுவிடம் கேட்டேன். மூன்று மாதம் ஒவ்வொரு துண்டையும் அளந்து அனுப்புங்கள், அதற்குள் ஒன்று தப்பினாலும் நான் ஒன்றும் செய்ய முடியாது மேடம் என்றார். கயிறு அறுந்துவிடவில்லை, அவ்வளவுதான். அதற்குமேல் கேட்க எனக்கு முகமும் இல்லை.

மாலை 5.25, தாம்பரம் வண்டி. நிலையத்துக்கு நடந்தே வந்தோம். வண்டியில் நிற்க இடம் கிடைத்து, பொத்தேரியில் உட்கார இடம் கிடைத்தது. சாம்பல் நிறமாக இருட்டிக்கொண்டு வந்தது. கூடுவாஞ்சேரி தாண்டியதும் பாய் கைக்கடிகாரத்தை அடிக்கடி பார்க்க ஆரம்பித்தார். மூன்று மாதக் கணக்கு என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு துண்டையும் யார் அளப்பது, எத்தனை மணிக்குப் பட்டறைக்கு வருவது, விரல் கிழிந்த கலா அடுத்த பெட்டியை எப்படிப் பார்ப்பாள். நாளைக் காலை படிவத்தைக் கொடுக்காவிட்டால் அந்த வேலை வேறு யாருக்கோ போய்விடும். பிறகு அழுதாலும் வராது.

வண்டலூர் நிலையத்தில் நின்றபோது நோன்பு திறக்கும் நேரம் ஆகிவிட்டது. பாய் சட்டைப் பையில் இருந்து பேரீச்சம்பழம் இரண்டு எடுத்து, ஒன்றை என்னிடம் நீட்டினார். வாய்க்குள் ஏதோ சொல்லிவிட்டுத் தன்னுடையதைக் கடித்தார். என் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். காலையில் இருந்து அதை அவர் முன்னால் திறக்கக் கூசியவள், மூடியைத் திருகித் திறந்தே கொடுத்தேன். எதிரில் இருந்த ஷிப்ட் முடித்த ஆள் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, தன் பொட்டலத்தைப் பிரித்து, நான்கு மசால் வடையை அள்ளி, சூடாகீது பாய், புடிங்க என்று நீட்டினார். பாய் இரண்டு கையாலும் வாங்கினார். எண்ணெய் சொட்டியது. மடியில் ஜிக் பை, வைக்க இடமில்லை.

"மேடம், எதுனா பேப்பர் கீதா?"

கைப்பையில் கையை விட்டேன். ஒரு தாள்தான் இருந்தது. நான்காக மடித்து, என் அழகான டீச்சர் கையெழுத்தில், ஒரு கட்டம் மட்டும் காலியாக. ஒரு நொடி விரல் அதைப் பிடித்துக்கொண்டது. பிறகு பிரித்து அவர் மடியில் விரித்தேன்.

பாய் வடையை அதன்மேல் வைத்துவிட்டு, முக்கியமான பேப்பரா மேடம் என்று கேட்டார். இல்லை பாய் என்றேன். காலியாக இருந்த கட்டத்தில் எண்ணெய் மெல்லப் பரவியது. ஆளுக்கு இரண்டு வடை தின்று முடிப்பதற்குள் பெருங்களத்தூர் வந்துவிட்டது. நாளைக் காலை எட்டு மணிக்கு எல்லோரையும் வரச் சொல்லுங்கள், எனக்கு ஒன்று பேச வேண்டியிருக்கிறது, பிறகு மற்ற ஐந்து ஜிக்கிலும் புள்ளி குத்திவிடலாம் என்றேன். பயம் அப்படியேதான் இருந்தது. தாம்பரத்தில் இறங்கும்போது ஏழு கிலோ பையை நான் வாங்கிக்கொண்டேன்.